விசிறி யார் பக்கம்

வீடு அவனுக்கு. கார் எனக்கு.
நாய் தானே முடிவெடுத்துப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று.
படகை வாங்கத்தான் ஆளில்லை.
ஆகவே பிரான்சின் வடமேற்கு முனையில்
ஏப்ரலின் பெரிய வற்றத்தன்று
நானும் கூல்வெனும்
ஆளுக்கொரு சுரண்டியோடு
துறைமுகத்துச் சிமெண்டுத் தளத்தில் சந்திக்கிறோம்.

கடல் இறங்கிப் போகிறது,
கடன் கொடுத்தவன் வாசலைக் கடப்பதுபோல் ஓசையில்லாமல்.
படகு இரண்டு மரக்கால்களை ஊன்றி நிற்கிறது,
உள்ளதெல்லாம் தெரிய.

ஓர் ஆண்டுக்கு இவ்வளவா.
நீர்மட்டத்தில் பச்சைத் தாடி.
அதன் கீழே சளி, வைத்த கை நிற்காது.
அதற்கும் கீழே கொட்டலசுகள்,
வெள்ளைவெள்ளையாய்ச் சின்னஞ்சிறு எரிமலைகள்,
எல்லாம் வாயை மூடிக்கொண்டு.

மணிக்கு ஐந்து கடல்மைல் ஓடிய படகு
போன கோடையில் மூன்றரைக்கே மூச்சுவாங்கியது.
எஞ்சின் போயிற்று என்றான் கூல்வென்.
மெக்கானிக்குக்கு நானூறு யூரோ அழுதோம்.
எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.
உப்புப் பெறாத உயிர்கள்
சீட்டு வாங்காமல் பயணம் செய்திருக்கின்றன.

இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நான்.
வக்கீல் எழுதாத ஒப்பந்தம் இது.
நடுவே ஏராக்கட்டை இருப்பதால்
முகம் பார்க்க வேண்டியதில்லை.
சத்தத்திலேயே தெரிகிறது:
இன்னும் அவசரக்காரன்தான்,
மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, மூலைகளை விட்டுவிடுகிறான்.
சொல்லவில்லை.
சொல்லும் உரிமையை ஜனவரியில்
கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

துறைமுகத்து மதாம் கெர்வெல்லா வந்து
தார்ப்பாயை இன்னும் இழுத்து விரிக்கச் சொல்கிறாள்.
ஒரு செதில்கூடக் கடலுக்குப் போகக் கூடாது;
பழைய பெயிண்டில் செம்பு.
கொல்வதற்கென்று பூசியதற்கு
ஆள் பார்த்துக் கொல்லத் தெரியாது.
கூட்டி அள்ளினோம். மூன்று மூட்டை.
கையெல்லாம் நண்டு நாற்றம்.

கொட்டலசுக் குஞ்சு நீந்தும், தெரியுமா.
இடம் தேடும். தொட்டுப் பார்க்கும்.
வேண்டாமென்று விலகும். வேறிடம் தொடும்.
பிடித்துவிட்டால்
தலையைக் கீழே வைத்துத் தலையையே ஒட்டிக்கொள்ளும்.
பிறகு ஆயுளுக்கும் தலைகீழாய் நின்று
கால்களால் இரை அள்ளித் தின்னும்.
பதினெட்டு வயதில் இதைப் படித்துச் சிரித்தேன்.
இருபத்தாறில் திருமணம்.

பெயர்த்தெடுத்த பின்னும் வட்டவட்டமாய்ச்
சுண்ணாம்புத் தழும்பு.
அதன்மேல் பெயிண்ட் நிற்காது.
உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், தோள் கழல.

ஒரு மணிக்கு விசிறி மட்டும் மிச்சம்.
அது யார் பக்கமும் இல்லை.
மூன்று வெண்கல இதழ்கள்;
தொட்டால் சுற்றிக்கொண்டு நழுவும்.
அவன் பிடித்துக்கொள்கிறான், நான் சுரண்டுகிறேன்.
பிறகு நான் பிடிக்கிறேன்.
மழுமழுவென்று ஆகும்வரை பேச்சில்லை.

ஆட்டுரோமக் கொழுப்புக் குழாயை
காலையிலிருந்தே சட்டைக்குள் வைத்திருக்கிறான்,
வயிற்றுச் சூட்டில் இளகட்டுமென்று.
முந்தைய ஆண்டுகளில் அது என் வயிறு.
இதழ்களில் வழித்துத் தடவினோம்;
வந்து தொடுகிறவை வழுக்கிப் போகட்டும்.

தண்டின் நுனியில் துத்தநாகக் கட்டி,
பாதி கரைந்து, கடித்த சீனிபோல.
வெண்கலத்தை அரிக்க வரும் கடலுக்குத்
தன்னைத் தின்னக் கொடுப்பதுதான் அதன் வேலை.
புதியதைத் திருகினேன்.
“இதன்மேல் பெயிண்ட் படக் கூடாது”
என்றோம், இருவரும், ஒரே நேரத்தில்.
பிறகு இருவருமே கடலைப் பார்த்தோம்.
அது இன்னும் தூரத்தில் இருந்தது.

நாலரைக்குத் தண்ணீர் தளத்தைத் தொட்டபோது
சிவப்பு இன்னும் முழுக்கக் காயவில்லை.
மிஞ்சிய கால் டப்பாவை
யார் கொண்டுபோவதென்று சண்டை.
நான் ஜெயித்தேன்.

ஏராக்கட்டையின் அடி,
படகு தன் பாரத்தை வைத்து நிற்கிற அந்த ஒரு சாண் அகலம்:
அங்கே தூரிகை போகாது.
அங்கே வந்துவிடும்.
எல்லாம் தெரிந்துதான் வரும்.